வேலை அனுமதிச் சீட்டிற்கு மனுச் செய்ய வேண்டியவர் யார்?

கடல் கடந்து பிழைப்புத் தேடுவது தமிழ் நாட்டுக் கிராமவாசிகளுக்குப் புதிதன்று. முற்காலத்தில் கங்காணிகள் ஊர் ஊராக வந்து, முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் மலாய் நாட்டிற்குக் கப்பலேற்றினர். 1938ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தடை விதித்தபின் அம்முறை முடிவுற்றது. அக்காலத்தில் கங்காணி பணம் கொடுத்தார். இக்காலத்திலோ தரகர் பணம் வாங்குகிறார். கடன் மட்டும் இரண்டிலும் தொழிலாளியின் தலையிலேயே நிற்கிறது.

சிங்கப்பூருக்குக் கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை முதலியவற்றிற்குச் செல்ல விரும்பும் அங்கத்தினர்கள் முதலாவதாக அறிய வேண்டியது யாதெனில், அந்நாட்டின் வேலை அனுமதிச் சீட்டிற்குத் தொழிலாளி தாமே மனுச் செய்ய இயலாது என்பதே. அங்குள்ள முதலாளியோ, அவர் நியமித்த லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டோதான் மனிதவள அமைச்சுக்கு மனுச் செய்தல் வேண்டும். ஆகையால், முதலாளி இன்னார் என்று காட்டாமல், "பணம் கட்டு, பெர்மிட் வாங்கித் தருகிறேன்" என்று கூறும் தரகர், தம் கையில் இல்லாத சரக்கை விலை பேசுகிறவரேயாவார்.

மனு அங்கீகரிக்கப்பட்டவுடன், ஐ.பி.ஏ. என்று வழங்கும் முன் அனுமதிக் கடிதம் முதலாளிக்குக் கிடைக்கும். தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படுமுன்னரே அதை அவர் அறிந்த பாஷையில் முதலாளி அனுப்பியாக வேண்டும். முதலாளியின் பெயர், வேலையின் தன்மை, அடிப்படை மாதச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் கண்டிருக்கும். அதில் எழுதிய சம்பளத்தை முதலாளி தம் இஷ்டப்படி குறைக்கலாகாது. தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமும், அமைச்சுக்கு அறிவிப்பும் அவசியம். மனுவின் நிலையை அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். தரகர் காட்டும் காகிதத்தை நம்புவதைவிட அது நலம்.

"முதலில் விஸிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்குச் செவி கொடுத்தலாகாது. சீட்டின்றி வேலை செய்வது அங்கே தொழிலாளிக்கும் குற்றமாகும்.

இனிச் செலவைப் பற்றி. சர்க்காருக்கு மாதந்தோறும் செலுத்தும் லெவி, 5,000 டாலர் ஜாமீன், வைத்திய இன்ஷ்யூரன்ஸ் யாவும் முதலாளியைச் சேர்ந்தவை. வேலை கொடுப்பதற்கென்று தொழிலாளியிடம் முதலாளி பணம் பெற்றால் 30,000 டாலர் வரை அபராதமோ, 2 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஏஜெண்டுகளே ஆள் சேர்க்கலாம். அவர்கள் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கும் ரசீது தரவேண்டும். ஊரில் சுற்றித் திரியும் துணைத் தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவைப் பற்றிய ஐயங்களுக்குச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தை அணுகலாம்.

ஒருவர் நிலத்தை ஈடு வைத்து, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 4 லட்சம் ரூபாய் வாங்கித் தரகருக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய் வட்டிக்கே போகும். சீட்டு பெரும்பாலும் 2 வருஷத்திற்கே தரப்படுகிறது. அதற்குள் வட்டி மட்டும் 1,92,000 ரூபாய். அதுவும் அந்தச் சீட்டு, குறித்த முதலாளியிடம் குறித்த வேலை பார்ப்பதற்கு மாத்திரமே செல்லும். அவர் ஆறாம் மாதத்தில் அதை ரத்துச் செய்தால் தொழிலாளி ஊர் திரும்ப நேரும்; ஈடு வைத்த நிலமோ திரும்பாது.

ஆகவே வெளிநாட்டுப் பிரயாணத்தின் பொருட்டு அங்கத்தினர் ஒருவர் நகைக் கடன் கேட்டு வருங்கால், சங்கத்தின் காரியதரிசி அக்கடிதத்தைக் கேட்டு வாங்கி, சம்பளத்தையும் பிடித்தத்தையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது நன்று. கடிதம் வராதிருப்பின் நகை வீட்டிலேயே இருக்கட்டும். வந்திருப்பின் ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் விட்டு, மற்றொன்றைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். சிங்கப்பூரில் இறங்கும்போது காட்ட வேண்டிய பத்திரமும், சம்பளத் தகராறு நேரின் அமைச்சின் முன் வைக்கத்தக்க சாட்சியமும் அதுவே.