வேலை செய்யாத திரைகள்

பில் அட்கின்சனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆப்பிள் நிறுவனத்தில் லிசா என்ற கணினிக்கு நிரல் எழுதிய நாட்களில், திரையில் முக்கியமான மாற்றம் எதைச் செய்தாலும் போலராய்ட் கேமராவை எடுத்து அதைப் படம் பிடித்து வைத்துவிடுவார். 1979 தொடங்கி எடுத்த அந்தப் படங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. வரிசையாக வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆரம்பப் படங்களில் கட்டளைகளின் பெயர்கள் திரையின் அடியில் பொத்தான்களாக நிற்கின்றன. பிறகு விண்டோக்கள் வருகின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மெனு முதலில் விண்டோவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில படங்கள் தள்ளித்தான் அது திரையின் உச்சிக்குப் போய் உட்கார்கிறது. இன்று நாம் யோசிக்காமல் மவுஸை மேலே கொண்டுபோகிறோமே, அந்த இடம் இப்படிப் போட்டுப் பார்த்து, கலைத்து, மறுபடி போட்டுப் பார்த்துக் கிடைத்தது.

லிசா 1983 ஜனவரியில் 9,995 டாலர் விலையில் வந்தது. அந்த விலைக்கு யாரும் முண்டியடிக்கவில்லை. ஆனால் அதன் திரையில் இருந்ததில் பெரும்பகுதி அடுத்த ஆண்டு வந்த மெக்கின்டாஷுக்குப் போயிற்று.

டெஸ்க்டாப் மென்பொருள் எதுவானாலும், அது ஒழுங்காக ஓடத் தொடங்கும் முன்பே அதன் திரை எங்காவது படமாக இருந்திருக்கும். தாளில் பென்சிலால் போட்ட கட்டங்களாக இருக்கலாம். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் மெருகேற்றிய வண்ணப் படமாக இருக்கலாம். அழுத்தினால் அடுத்த பக்கம் வரும், ஆனால் உள்ளே ஒரு வரி நிரலும் இல்லாத பொம்மையாகவும் இருக்கலாம். தொழிலில் இருப்பவர்கள் கான்செப்ட் என்பார்கள், மாக்-அப் என்பார்கள், புரோட்டோடைப் என்பார்கள். இந்தப் படங்களால் ஆகக்கூடிய காரியம் இரண்டு. கேள்வி கேட்கலாம், ஆளை மயக்கலாம். முதல் காரியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் நல்ல மென்பொருள் செய்திருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்பதில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் குழுவை மிஞ்ச ஆள் இல்லை. அலுவலகக் குமாஸ்தாக்களுக்காகவும் மேலாளர்களுக்காகவும் செய்த அந்தக் கணினி 1981ல் விற்பனைக்கு வந்தது. ஆவணம், ஃபோல்டர், தபால் வந்து விழும் தட்டு எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் பரப்பிய முதல் வணிகக் கணினிகளில் ஒன்று அது. அதை வடிவமைத்தவர்கள் 1982ல் எழுதிய கட்டுரையில் சொல்லியிருப்பது இன்று படித்தாலும் திகைக்க வைக்கிறது. திரை வடிவமைப்புக்கு மட்டும் ஏறக்குறைய 30 ஆள்-ஆண்டு உழைப்பு போனதாம். அதாவது முப்பது பேர் ஓராண்டு முழுக்க வேலை பார்த்தால் ஆகும் உழைப்பு. கணினி என்னென்ன செய்யும் என்று முழுதாக முடிவாகும் முன்பே, ஏன், கணினியின் வன்பொருளே தயாராகும் முன்பே, திரை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். நிரலை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு திரையை ஒட்டவைக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

அவர்கள் தங்கள் ரசனையையும் நம்பவில்லை. ஐகான்களுக்கு ஒரு தொகுப்புக்குப் பதிலாக, வெவ்வேறு கைகள் வரைந்த நான்கு தொகுப்புகளைத் தயாரித்தார்கள். கணினிப் பழக்கம் இல்லாதவர்களை உட்காரவைத்து, இந்தப் படம் எதைக் குறிக்கிறது என்று கேட்டார்கள். பெயரைச் சொல்லிப் படத்தைத் தேடச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். நார்ம் காக்ஸ் வரைந்த தொகுப்பு தேர்வாயிற்று. மேல் மூலை மடிந்த தாள்தான் ஆவணம் என்று இன்றைக்கும் நம் கண் புரிந்துகொள்வது அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல். மவுஸுக்கு எத்தனை பொத்தான் வேண்டும் என்பதையும் இதேபோல ஆட்களை வைத்துச் சோதித்தே இரண்டு என்று முடிவு கட்டினார்கள். ஸ்டாரும் வியாபாரத்தில் தோற்றது என்பது வேறு கதை. விலையும் வேகமும் அதைக் கவிழ்த்தன, திரை அல்ல.

இருப்பதை மாற்றுவது புதிதாகச் செய்வதைவிடக் கடினம். மைக்ரோசாஃப்ட் வேர்டின் கதை அதற்கு நல்ல சாட்சி. 1989ல் விண்டோஸுக்கு வந்த முதல் வேர்டில் டூல்பார் இரண்டே இரண்டு. 2003 பதிப்பில் அது 31 ஆகியிருந்தது; போதாததற்குப் பக்கவாட்டில் திறக்கும் பலகைகள் 19. கட்டளைகளின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. புதிதாக இன்னது வேண்டும் என்று பயனர்கள் கேட்டு எழுதினால், கேட்டதில் பல ஏற்கெனவே உள்ளே இருந்தன. இருப்பது தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பதிப்பின் திரைக்குப் பொறுப்பான குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ், அந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் பிறகு பொதுவில் விரிவாகவே எழுதினார். பயனர்கள் சம்மதித்து அனுப்பிய பயன்பாட்டுத் தரவைக் குழு தோண்டிப் பார்த்தது. வேர்ட் 2003ல் மக்கள் கொடுக்கும் கட்டளைகளில் 32 சதவீதம் வெறும் ஐந்துதான்: பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு. பேஸ்ட் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். இப்போதைய வேர்டின் இடது ஓரத்தில் பேஸ்ட் பொத்தான் ஏன் அவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான்.

தரவு எது முக்கியம் என்று சொல்லும். அதை எங்கே வைப்பது என்று சொல்லாது. அதற்குத்தான் கான்செப்ட். 2008ல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு மாநாட்டில் ஹாரிஸ் தாங்கள் கழித்துப்போட்ட வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். அந்த உரையின் சுவையே தோற்றுப்போன படங்களில்தான் இருக்கிறது. படத்தில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஆளை உட்காரவைத்து ஒரு கடிதம் அடிக்கச் சொன்னால் கை தடுமாறும். மிஞ்சியதுதான் ரிப்பன் என்று நாம் அறிந்த பட்டை. அது ஆஃபீஸ் 2007ல் வந்தது.

வந்ததும் வசவுதான் முதலில் கிடைத்தது. பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் துணை மென்பொருள்களைச் சில நிறுவனங்கள் காசுக்கு விற்கும் அளவுக்குக் கோபம் இருந்தது. எக்ஸெலில் பத்து வருடம் ஊறிய கணக்காளருக்குத் தன் வீட்டுச் சாமான்களை யாரோ இடம் மாற்றிவைத்தால் வரும் எரிச்சல். அந்தக் கோபத்தைக் குழு ஓரளவு எதிர்பார்த்திருந்தது என்பதற்கு ஒரு தடயம் உண்டு: 2003ன் ஆல்ட் விசைச் சேர்க்கைகளில் பலவற்றைப் புதிய பதிப்பிலும் வேலை செய்ய விட்டிருந்தார்கள். மெனு மறைந்துவிட்டது, மெனுவைத் திறந்த விரல் பழக்கம் மறையவில்லை. கான்செப்ட் படத்தில் விரல் பழக்கத்தை வரைய முடியாது. வடிவமைப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மயக்குவதற்கான உதாரணத்துக்கும் அதே நிறுவனத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நிரலாளர்கள் கூடிய மாநாட்டில் லாங்ஹார்ன் என்ற அடுத்த விண்டோஸின் காட்சிகளை மைக்ரோசாஃப்ட் காட்டியது. கண்ணாடிபோல மின்னும் விண்டோக்கள், ஓரத்தில் ஒரு பட்டை, எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்று யோசிக்காமலே கோப்புகளைத் தேடித் தரும் வின்எஃப்எஸ் என்ற சேமிப்பு முறை. கைதட்டலுக்குக் குறைவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டிலேயே வின்எஃப்எஸ் விலக்கப்பட்டது. எழுதியதில் நிறையத் தூக்கிப்போட்டுவிட்டு வேலையைப் புதிதாகத் தொடங்கினார்கள். அது விஸ்டா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது 2007 ஜனவரி முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு முந்தைய விண்டோஸான எக்ஸ்பி வந்து ஐந்தாண்டு தாண்டியிருந்தது. விஸ்டாவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணங்கள் பல. ஆனால் அதன் மீதான எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது, எழுதப்படாத நிரலின் அழகிய படம்.

ஜோயல் ஸ்பால்ஸ்கி, ஒருகாலத்தில் எக்ஸெல் குழுவில் வேலை பார்த்தவர், இந்த நோயைப் பற்றி 2002லேயே எழுதினார். திரை முழுதாக முடிந்ததுபோலத் தெரிந்தால், நிரல் தெரியாத வாடிக்கையாளர் மென்பொருளே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மீதி மாதங்களில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பார். எவ்வளவு வேலை முடிந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் முடிந்ததுபோலத் திரை தெரியட்டும் என்பது அவர் சொன்ன மருந்து. கென் ஆர்னால்டு என்ற நிரலாளர் அதற்கு ஒரு கருவியே செய்துவிட்டார். ஜாவாவில் எழுதிய மென்பொருளில் அதைப் பூட்டினால், பொத்தான்களும் பெட்டிகளும் காகிதக் கைக்குட்டையில் யாரோ பேனாவால் கிறுக்கியதுபோலத் தெரியும். மேலதிகாரி பார்த்தால், இது இன்னும் வரைவுதான் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார். 2008ல் வந்த பால்சாமிக் என்ற வடிவமைப்பு மென்பொருளும் இதே தந்திரத்தில் பிழைக்கிறது: எதைப் போட்டாலும் வழக்கமாகக் கோணல் கோடுகளும் கையெழுத்து போன்ற எழுத்துகளுமாக வரும்.

கோணலான படத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மெருகான படத்தைக் காட்டினால் பார்ப்பவர் நீலம் கொஞ்சம் அடர்த்தி என்பார். பென்சில் படத்தைக் காட்டினால், இந்தப் பொத்தான் இங்கே எதற்கு என்று கேட்பார். இரண்டாவது கேள்விதான் காசு பெறும்.

நிரலே இல்லாமல் மென்பொருளைச் சோதிக்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டுத் தானாகத் தட்டச்சு செய்யும் கணினி 1980களின் தொடக்கத்தில் கனவு. ஐபிஎம் ஆய்வாளர்கள் அடுத்த அறையில் ஒரு தட்டச்சரை மறைத்து உட்காரவைத்தார்கள். சோதனைக்கு வந்தவர் பேசப் பேச, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள் அடித்தது இவருடைய திரையில் தோன்றியது. இப்படி ஒரு கருவி வந்தால் மக்கள் கடிதத்தை எப்படிச் சொல்லி எழுதுவார்கள் என்பது, கருவி வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

கான்செப்ட் படங்களில் வழக்கமாக விட்டுப்போகும் சில விஷயங்கள் உண்டு. மென்பொருளைத் திறந்த முதல் நாளின் வெற்றுத் திரையை யாரும் வரைவதில்லை. பிரின்டர் ஓடவில்லை என்ற செய்தியை வரைவதில்லை. பட்டியலில் நான்காயிரம் வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதில்லை. படத்தில் வரும் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஜான், ஆன் என்று ஆங்கிலத்தில் நாலெழுத்துக்குள் பெயர். நம் ஊர் மீனாட்சிசுந்தரத்தையும் ஷண்முகசுந்தரபாண்டியனையும் தமிழில் அடித்துப் பார்த்தால்தான் பெட்டியின் அகலம் போதாதது தெரியும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அதேபோல, படத்தில் அழகாகத் தெரியாதது பயன்படாது என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் கணக்கு எழுதும் கடைகளில் பெங்களூரைச் சேர்ந்த டேலி மென்பொருளைப் பார்க்காதவர் குறைவு. அதன் திரையை வடிவமைப்புக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் காட்டினால் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கணக்கர் உட்கார்ந்தால் மவுஸைத் தொடுவதே அபூர்வம். எஃப் 5 பணம் கொடுத்தது, எஃப் 6 பணம் வந்தது, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல். கண் கையில் இருக்கும் பில்லில், விரல் விசையில். 2020ல் டேலி பிரைம் வந்தபோது திரையை நிறையவே எளிமையாக்கினார்கள். இந்த விசைகளை மட்டும் தொடவில்லை. புத்திசாலித்தனமான முடிவு.

கடைக்கோ அலுவலகத்துக்கோ மென்பொருள் செய்யச் சொல்லப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. செய்து தருபவர் வண்ணத் திரைகளை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும்போது, முதலாளி மட்டும் பார்த்துத் தலையாட்டக் கூடாது. பில் போடும் பையனைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நேற்றைய பில் கட்டிலிருந்து மிகச் சிக்கலான ஒன்றை, பாதிச் சரக்கு திரும்பி வந்தது, பாக்கிக்குப் போனது, தள்ளுபடி கொடுத்தது எல்லாம் கலந்த ஒன்றை, எடுத்துக் கொடுத்து அந்தத் திரையில் எங்கே எதை அடிப்பாய் என்று கேளுங்கள். அவன் விழிக்கிற இடங்களைக் குறித்துக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.