எஸ்கேப் கீ எங்கே போச்சு?



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? ஒரு கீபோர்டைப் பற்றி!

என் அக்கா சென்னையில் புரோகிராமராக வேலை பார்க்கிறாள். அவளுடைய சொந்த லேப்டாப் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. அதில் இரண்டு எழுத்துகள் சரியாக விழுவதில்லை. ஓங்கிக் குத்தினால்தான் விழும். அந்த நேரம் பார்த்து சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கைக்கு வந்தது. "புதுசு வாங்கிடலாமா?" என்றாள். "வாங்குக்கா, வாங்கு!" என்று முதலில் குதித்தது நான்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுசு வந்தால் பழசு எனக்கு!

ஆனால் அக்கா அவசரப்படவில்லை. புது மாடலின் படத்தை வைத்துக்கொண்டு அதன் கீபோர்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்க்கா, ஸ்பீடு, மெமரி எல்லாம் பார்க்காம கீயை எண்ணிக்கிட்டு இருக்க?" என்று கேட்டேன். "உட்காருடி, சொல்றேன்" என்றாள். அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

விரலின் ஞாபகம்

சைக்கிள் ஓட்டும்போது பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்போமா? மாட்டோம். கை தானாகப் போகும். கீபோர்டும் அப்படித்தான்.

அதிலும் புரோகிராமர்களுக்கு வெறும் எழுத்துகள் மட்டும் போதாது. அவர்கள் புதிதாக எழுதுவதைவிட, ஏற்கெனவே எழுதியதைப் படித்துத் திருத்துவதுதான் அதிகம். வரியின் தொடக்கத்துக்குப் போக ஹோம் கீ, கடைசிக்குப் போக எண்ட் கீ, மேலும் கீழும் நகர அம்புக்குறி கீகள், கூடவே கண்ட்ரோல், எஸ்கேப். சாதாரணமாக நாம் கவனிக்காத இந்த ஓரத்துக் கீகள்தான் அவர்களுக்கு முக்கியம். கம்பெனிக்காரர்கள் இடம் மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பதும் பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான்!

காணாமல் போன கீ

இதற்கு ஒரு பெரிய உதாரணம் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் புரோ லேப்டாப். 2016 அக்டோபரில் வந்த புது மாடல்களில் மேல் வரிசைக் கீகளை எடுத்துவிட்டு, தொட்டால் வேலை செய்யும் ஒரு நீளமான கண்ணாடிப் பட்டையை வைத்தார்கள். அதற்கு டச் பார் என்று பெயர். எஸ்கேப் கீயும் அந்தக் கண்ணாடியில் வெறும் படமாகிவிட்டது.

ஒரே ஒரு கீதானே, அதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

புரோகிராமர்கள் பலர் 'வி ஐ' என்ற எடிட்டரையோ, அதன் வழியில் 1991ல் வந்த 'விம்' எடிட்டரையோ பயன்படுத்துகிறார்கள். வி ஐ எடிட்டரை 1976ல் பில் ஜாய் என்பவர் எழுதினார். அதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று எழுதும் நிலை, இன்னொன்று கட்டளை நிலை. எழுதும் நிலையில் 'டி' என்ற கீயை இரண்டு முறை தட்டினால் இரண்டு எழுத்து விழும். கட்டளை நிலையில் அதையே இரண்டு முறை தட்டினால் ஒரு முழு வரியே அழிந்துவிடும்! எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வரத்தான் எஸ்கேப் கீ. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை அதைத் தட்ட வேண்டியிருக்கும். பில் ஜாய் அப்போது வேலை செய்த டெர்மினலில், இன்று டேப் கீ இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்ததாம். கைக்குப் பக்கத்திலேயே! அது மேல் மூலைக்குப் போனது பிற்பாடு.

இப்போது யோசியுங்கள். கண்ணாடியில் உள்ள படத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா? அழுந்தியதா இல்லையா என்பதும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும்.

தூசி செய்த வேலை

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. லேப்டாப்பை மெலிதாக்க, 2015ல் 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃப்ளை' என்ற புது வகைக் கீகளை வைத்தார்கள். அடுத்த ஆண்டு மேக்புக் புரோவிலும் அந்த வகை வந்தது. அழுத்தினால் கீ சுமார் அரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். இடைவெளி அவ்வளவு குறைவு என்பதால், ஒரு சின்னத் தூசி புகுந்தாலும் கீ மாட்டிக்கொள்ளும். சில சமயம் எழுத்தே விழாது, சில சமயம் ஒன்றுக்கு இரண்டாக விழும். புகார்கள் குவிந்தன. 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அறிவித்தது. அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றில், 2022ல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

2019 நவம்பரில் 16 அங்குல மாடல் வந்தது. பழைய 'சிசர்' வகைக் கீகள் திரும்பி வந்தன. கீ ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. எஸ்கேப் மறுபடியும் நிஜக் கீ ஆனது. அம்புக்குறி கீகள் தலைகீழ் 'டி' வடிவத்துக்கு மாறின. அதனால் இடது, வலது அம்புகளுக்கு மேலே காலி இடம் கிடைத்தது. விரல் அந்தப் பள்ளத்தைத் தொட்டே இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரே லேப்டாப், இரண்டு பதில்

சரி, உடனே எல்லோரும் அதை வாங்கியிருக்க வேண்டுமா? இங்கேதான் கணக்கு இருக்கிறது. அதன் ஆரம்ப விலை 2,399 டாலர்.

பழைய சிசர் கீபோர்டு உள்ள 2015 மாடல் மேக்புக் புரோவையே விடாமல் வைத்திருந்த புரோகிராமர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இதில் நான்கு வருஷ வேகமும் கிடைத்தது, பிடித்த கீபோர்டும் கிடைத்தது. வாங்கினால் நியாயம் உண்டு.

ஆனால் அதே 2019ல் சில மாதம் முன்பு 15 அங்குல மாடல் வாங்கியவர்? இரண்டிலும் ஒரே தலைமுறை இன்டெல் பிராசஸர்தான். அவருக்குப் பெரிய லாபம் கீபோர்டு மட்டும்தான். அதற்காக 2,399 டாலரா? மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாமே!

அக்கா கேட்ட மூன்று கேள்விகள்

1. மாற்றத்தை சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியுமா? எஸ்கேப் இல்லை என்றால், அதிகம் பயன்படாத கேப்ஸ் லாக் கீயை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளலாம். மேக்கின் செட்டிங்கிலேயே அந்த வசதி இருக்கிறது.

2. பழகிக்கொள்ள முடியுமா? 2012ல் திங்க்பேட் லேப்டாப்களில் ஏழு வரிசைக் கீபோர்டு ஆறு வரிசையானது. புரோகிராமர்கள் புலம்பினார்கள். 2017ல் வந்த 25ஆம் ஆண்டுச் சிறப்பு மாடலில் மட்டும் ஏழு வரிசை திரும்பியது. ஆனால் ஆறு வரிசையில் வேலை செய்து பழகியவர்கள்தான் அதிகம். கொஞ்ச நாள் கை தடுமாறும், அவ்வளவுதான்.

3. இரண்டும் முடியாததா? கீ இறங்கும் ஆழம், கீயின் அளவு, அடிக்கடி பழுதாகும் குணம் ஆகியவற்றை எந்த சாஃப்ட்வேரும் மாற்றாது. வாங்குமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

---------------------------------
உங்களுக்குத் தெரியுமா?

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு கீக்கும் ஓர் எண் உண்டு. ஆஸ்கி முறையில் எஸ்கேப்பின் எண் 27. இடது சதுர அடைப்புக்குறியின் எண் 91. கண்ட்ரோல் கீயோடு சேர்த்து அழுத்தினால் 64 கழியும். 91 - 64 = 27. அதனால் வி ஐ எடிட்டரில் கண்ட்ரோலும் அந்த அடைப்புக்குறியும் சேர்ந்தால் எஸ்கேப் தயார்!
---------------------------------

கடைசியில் என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு நானும் கடைக்குப் போனேன். காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் தன் புரோகிராம் ஒன்றைக் கால் மணி நேரம் டைப் செய்து பார்த்தாள். மேல், கீழ் அம்புகள் பாதி அளவில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹோம், எண்ட் தனியாக இல்லை. இன்னொரு கீயோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் விரல் தடுமாறி நின்றது.

"என் மிஷின் மெதுவா இருந்தா இதை வாங்கிப் பழகிக்குவேன். அது நல்லாத்தான் ஓடுது. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னா கீபோர்டைத்தானே மாத்தணும்?" என்றாள். சர்வீஸ் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் புதுக் கீபோர்டு மாட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு முகம் தொங்கிப்போனது. பழைய லேப்டாப் எனக்கு இல்லை! வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பேசவே இல்லை. இறங்கும்போது அக்கா சொன்னாள்: "மிச்சப் பணத்தை அம்மாகிட்ட குடுத்துட்டேன்டி. அடுத்த வருஷம் உன் காலேஜ் ஃபீஸுக்கு."

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி அவளே கூப்பிட்டு, புதுக் கீபோர்டில் என்னை முதல் புரோகிராம் அடிக்கச் சொன்னாள். மூன்று வரிதான், இரண்டு தப்பு!

நண்பர்களே, அடுத்த முறை லேப் பீரியடில் எஃப், ஜே என்ற இரண்டு கீகளையும் கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது. எத்தனை பேர் கண்டுபிடித்தீர்கள் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள்!

— 12ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி