சிஸ்டர் எண்ணும் மூச்சு

மணிக்கட்டைப் பிடித்தபடி சிஸ்டர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால், நாடி பார்க்கிறார் என்று நினைப்போம். பாதி நேரம் அவர் கண் நோயாளியின் நெஞ்சுமேல்தான் இருக்கும். ஏறி இறங்கும் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் நின்று எண்ணச் செவிலியர் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் பெரும்பாலும் பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். 25ஐத் தொட்டால் அவசரம். ஆனால் வார்டில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இந்த எண்தான். பி.பி.க்கும் ஆக்ஸிஜன் அளவுக்கும் கருவி இருக்கிறது. மூச்சை ஒருவர் நின்று, கடிகாரம் பார்த்து எண்ணியாக வேண்டும். வார்டு முழுக்க எல்லார் சார்ட்டிலும் 20 என்றே எழுதியிருந்தால், யாரும் எண்ணவில்லை என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். இதில் குறை சிஸ்டருடையது மட்டுமல்ல. பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த அளவு. இரவு டியூட்டியில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று, நோயாளியோடு ஒரு ராத்திரி தங்கியவருக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, பி.பி., நாடி, காய்ச்சல், நினைவு ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும். ஆக்ஸிஜன் வைத்திருந்தால் அதற்கும் உண்டு. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மொத்தம் 5 என்றால் உடனே வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் தீவிர சிகிச்சைக் குழுவையே அழைக்க வேண்டும். 2017இல் திருத்தியபோது இன்னொன்றைச் சேர்த்தார்கள்: புதிதாக வந்த மனக்குழப்பம். அதற்கு நேரடியாக 3 மதிப்பெண்.

இங்கேதான் கூட இருக்கும் உறவினர் செவிலியரைவிட ஒரு படி மேல். நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்ன அப்பா, இன்று ஊரில் இருப்பதாக நினைத்துப் பேசினால், அது புதிது என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். வயசாயிருச்சு, தூக்கக்கலக்கம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் ஆபத்து. “இவர் எப்பவும் இப்படி இல்ல சிஸ்டர், மத்தியானத்துல இருந்துதான் மாத்திப் பேசுறார்” என்று நேரத்தோடு சொல்லுங்கள். “ஒரு மாதிரியா இருக்கார்” என்பதைவிட அதற்கு எடை அதிகம்.

நன்றாக இருந்த சர்க்கரை நோயாளி திடீரென்று குழம்பினால், செவிலியர் முதலில் விரல் நுனியைக் குத்தி சுகர் பார்ப்பார். 70க்குக் கீழே என்றால் லோ சுகர். இன்சுலின் போட்டுவிட்டு அமாவாசை விரதம் இருந்தவர், நோன்பு நாளில் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியவர், வாந்தியால் சாப்பிட முடியாதவர் இதில் மாட்டுவார்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் அறிகுறி. ஆனால் சில பி.பி. மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். நினைவு இருந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். லட்டும் சாக்லேட்டும் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போகும். வீட்டில் என்றால் 108ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையால் இறங்கிய சுகர், ஏற்றியபின்னும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். அதனால்தான் “சரியாயிருச்சே, கெளம்பலாமா?” என்றால் இருக்கச் சொல்கிறார்கள்.

கையோ வாயோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால், பேச்சு குழறினால் பக்கவாதம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஸ்கேன் பார்க்கும்வரை ஆஸ்பிரினோ நாக்கடியில் பி.பி. மாத்திரையோ வேண்டாம். மாரடைப்பில் சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்று எரிச்சல், வியர்வை, மூச்சுவாங்கல் மட்டும் வரலாம். கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக் காலம் போக்கியவர்கள் ஏராளம். அவசரப் பிரிவுக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பது நெறிமுறை. எடுக்கச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

உறவினர் செய்யக் கூடாதவையும் உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று ட்ரிப்ஸை வேகப்படுத்துவது இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் சேர்க்கும். ஆக்ஸிஜன் குமிழைத் திருகிக் கூட்டுவதும் ஆபத்து. பல வருடம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர்களில் பலருக்கு ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். அதற்குமேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம்.

இனி உரிமை. அவசர நிலையில் வருபவரின் உயிரைக் காக்கும் கடமை அரசு, தனியார் இரு மருத்துவமனைகளுக்கும் உண்டு, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயைப் பற்றிய விளக்கம், வேறு மருத்துவரின் கருத்து, பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருத்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியிலேயே உண்டு. நகல் கேட்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காதீர்கள். செவிலியர் குறிப்பும் பி.பி., நாடி, மூச்சு எழுதிய சார்ட்டும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை மணிக்கு மோசமானார், எப்போது டாக்டருக்குத் தகவல் போனது என்பது அதில்தான் இருக்கும். சிஸ்டருக்கும் அதுவே காப்பு. டாக்டரை அழைத்தேன் என்று அவர் நேரத்தோடு எழுதிவைத்த வரி, பழி அவர்மேல் விழாமல் தடுக்கும்.

கவனிப்பில் குறை என்றால் முதலில் டியூட்டி டாக்டர், பிறகு நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அல்லது கண்காணிப்பாளர். அரசு மருத்துவமனை பற்றி 104இல் புகார் சொல்லலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தருவது வராது, அதற்கு மாநில மனித உரிமை ஆணையமோ நீதிமன்றமோதான். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும். கட்டிய பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. செவிலியர்மீதோ டாக்டர்மீதோ கை ஓங்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அடித்தவர் புகார்தாரர் நிலையிலிருந்து குற்றவாளி நிலைக்குப் போய்விடுவார்.

எங்கே எழுதினாலும் “யாரும் கவனிக்கவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். மூச்சு வாங்க ஆரம்பித்தது எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள், டாக்டர் வந்தது எப்போது என்று வரிசையாகக் குறித்து, கேஸ் ஷீட் நகலோடும் பில்லோடும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.