அன்பு கூடினால் நிறையும் கூடலாமா?

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கங்களிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் பலரை நாம் அறிவோம். 2009இல் முடிந்த யுத்தத்தில் காயப்பட்டோர் சிலர். தென்னையிலிருந்து விழுந்தோரும் வீதி விபத்தில் சிக்கியோரும் வேறு சிலர். இவர்களைப் பராமரிப்பது பெரும்பாலும் தாய், மனைவி அல்லது சகோதரிதான். படுக்கைப் புண்ணைப் பற்றியும் சிறுநீர்க் குழாயைப் பற்றியும் கவலைப்படும் இவர்கள், உடல் நிறையைப் பற்றிக் கேட்பது குறைவு. ஆகவே அதைப் பற்றி இங்கு சிறிது பார்ப்போம்.

நிறை ஏன் கூடுகிறது?

முண்ணாண் பாதிக்கப்பட்டால் அதற்குக் கீழுள்ள தசைகள் இயக்கமின்றி மெலிகின்றன. தசை மெலிய, உடல் செலவிடும் சக்தியும் குறைகிறது. வயலிலோ தோணியிலோ நாள் முழுதும் பாடுபடுபவருக்கு 2,500 கலோரிக்கு மேல் தேவைப்படலாம். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்கு ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 28 கலோரியும், கழுத்துப் பகுதியில் பாதிக்கப்பட்டவருக்கு 23 கலோரியும் போதும் என்பது மருத்துவக் கணக்கு. 60 கிலோ நிறையுள்ளவருக்கு இது முறையே 1,700, 1,400 அளவில் வரும்.

ஆனால் வீட்டில் சோற்றுக் கோப்பை மாறுவதில்லை. "நடக்கத்தான் முடியாது, ருசியாகவாவது சாப்பிடட்டும்" என்று இன்னும் ஓர் அகப்பை விழுகிறது. பார்க்க வருவோர் பிஸ்கட்டும் கேக்கும் கொண்டு வருகிறார்கள். எல்லாம் அன்பினால் நடப்பவையே.

அதனால் என்ன தீங்கு?

நிறை கூடினால் இருக்கையில் படும் அழுத்தம் கூடி, உணர்வற்ற தோலில் புண் வரலாம். நீரிழிவும் இதய நோயும் நெருங்கும். நாற்காலியைத் தள்ளும் தோள்மூட்டுகள் தேயும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாள்தோறும் தூக்கி மாற்றுவது ஒரு பெண்ணின் இடுப்பு. அது பிடித்துக்கொண்டால் இருவருமே படுக்கையில்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள். கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம் சீனி, அதாவது 160 கலோரி. ஒரு சிறு கோப்பைச் சோற்றுக்கு இது கிட்டத்தட்டச் சமம். சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கும் பழகிவிடும்.

சோற்றைக் கைப்பிடி கைப்பிடியாகக் குறைத்து, அந்த இடத்தைக் கீரை வறையாலும் காய்கறியாலும் நிரப்புங்கள். பொன்னாங்காணி, முருங்கை இலை, வல்லாரை எல்லாம் நம் வளவிலேயே கிடைப்பவை. மலச்சிக்கலுக்கும் இவை உதவும். மீனைக் குறைக்க வேண்டாம். தசைக்கும் புண் ஆறுவதற்கும் புரதம் தேவை. ஆனால் பொரிப்பதை விட்டு, தேங்காய்ப்பாலைக் குறைத்துக் குழம்பாக வையுங்கள். தயிருக்குச் சீனியோ பாணியோ வேண்டாம். தண்ணீரைக் குறைப்பது தவறு.

அவருக்கு மட்டும் பத்தியம் சமைத்தால் அது தண்டனை போலாகும். ஒரே பானையில் சமைத்து எல்லோரும் உண்ணுங்கள். எல்லோருக்கும் அது நல்லதே.

எப்படி நிறுப்பது?

நிற்க முடியாதவரை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. நெல் ஆலையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நாற்காலியோடு ஏற்றி நிறுங்கள். பிறகு வெறும் நாற்காலியை நிறுத்துக் கழியுங்கள். தசை போய்க் கொழுப்பு சேரும்போது நிறை ஏறாமலே வயிறு பெருக்கலாம். எனவே மாதம் ஒருமுறை, படுத்த நிலையில், ஒரே இடத்தில் வயிற்றின் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள்.

பட்டினி போடக் கூடாது. அளவுக்கு மீறி மெலிந்தாலும் எலும்பு துருத்திப் புண் வரும். காரணமின்றி நிறை குறைந்தாலோ, காய்ச்சலோ புண்ணோ இருந்தாலோ, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராயினும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

யார் தீர்மானிப்பது?

கோப்பையைப் பறித்துக் காவல் காப்பது பராமரிப்பு அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் உருவாக அவரே முன்னின்றார். கால்கள் இயங்காவிட்டாலும் தீர்மானிக்கும் அறிவு இயங்குகிறது என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி.

ஆகவே கணக்கை அவரிடமே கொடுங்கள். நிறையை அவரே எழுதட்டும். கீரையை அவரே ஆயட்டும். எவ்வளவு சோறு வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். கேட்காமல் போடும் ஓர் அகப்பைச் சோற்றைவிட, கேட்டுப் போடும் அரை அகப்பையில் அன்பு அதிகம்.