எடை குறைக்க ஊசி: குறுக்கு வழியா, சிகிச்சையா?

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதைக் கல்யாணப் பந்தியில்கூடத் தயங்காமல் சொல்கிறோம். எடை குறைய ஊசி போடுவதை மட்டும் பலர் மறைக்கிறார்கள். ‘வாயைக் கட்டினால் போதுமே, இதற்கெல்லாமா மருந்து?’ என்ற பேச்சுக்குப் பயம். ஆனால், யாரோ விற்கும் ‘கொழுப்பைக் கரைக்கும்’ பொடியை டாக்டரைக் கேட்காமலே வாங்கிக் குடிக்க யாரும் கூச்சப்படுவதில்லை. உடல்பருமனை நோயாகப் பார்க்காமல் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பதன் விளைவு இது.

வாயைக் கட்டினால் போதுமா?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இத்தனை பேருக்கும் ஒன்றாகவா மனக்கட்டுப்பாடு கெட்டுவிட்டது? மரபணு, தூக்கக் குறைவு, மன அழுத்தம், உட்கார்ந்தே பார்க்கும் வேலை, சில மருந்துகள் என எடை கூடப் பல காரணங்கள் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும், உடல் பசியைக் கூட்டி, செலவழிக்கும் கலோரியைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும்.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து, ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்கிறது. செமாக்ளூடைட் அதே வேலையைச் செய்யும் மருந்து. அமெரிக்காவில் 2017-ல் சர்க்கரை நோய்க்கும் 2021-ல் எடை குறைப்புக்கும் அனுமதி பெற்றது. இந்தியாவில் இதே வகையைச் சேர்ந்த டிர்செபடைட் ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரிலும், செமாக்ளூடைட் ஊசி ‘வீகோவி’ என்ற பெயரிலும் 2025-ல் விற்பனைக்கு வந்தன.

வாரம் ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் இவை. செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு படியாக அளவைக் கூட்டுவார்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு 68 வாரம் இதை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது.

மருந்தைப் பற்றிய பயத்திலும் நியாயம் உண்டு

முந்தைய எடை குறைப்பு மருந்துகள் சில கெட்ட பெயர் வாங்கியவை. இதயத்துக்கு ஆபத்து என்று சிபுட்ரமைன் 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட எடை குறைப்பு மாத்திரைகள் பலவற்றில் அதே சிபுட்ரமைன் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்திருக்கிறது.

புதிய ஊசிகளிலும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் வரலாம். அரிதாகக் கணைய அழற்சியும் பித்தப்பைக் கல்லும் வரக்கூடும். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரத உணவும் தசைப் பயிற்சியும் கட்டாயம். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல, நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

யாருக்கு, யாருக்குக் கூடாது?

பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் இந்த ஊசிகளைப் பரிந்துரைக்கிறார்கள். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இடுப்பளவைக் குறைக்க அல்ல. கர்ப்பிணிகளும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் போடக்கூடாது.

ஊசி தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கேலியோ விளம்பரமோ முடிவு செய்ய வேண்டாம். போட்டுக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரை நடத்துவதுபோலவே அவரையும் நடத்துங்கள்.