காவல் இருக்கும்போது சோதனை எதற்கு?

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் நோணாங்குப்பம், அரியாங்குப்பம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளுக்கு ஓய்வே இருக்காது. மதிப்பெண் பட்டியல், குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று எல்லாம் பென் டிரைவில் வந்து இறங்கும். சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமில் எடுத்த கல்யாணப் படங்கள் மெமரி கார்டில் ஸ்டூடியோவுக்குப் போகும். யார் யாருடைய கணினியிலோ செருகப்பட்டவை எல்லாம் ஒரே கணினியில் வந்து ஏறி இறங்கும். கடைக்காரரைக் கேட்டால் திரையின் வலது மூலையைக் காட்டுவார். "ஆன்டிவைரஸ் ஓடிக்கிட்டுதானே இருக்கு? தனியா வேற ஸ்கேன் போடணுமா?"

நியாயமான கேள்விதான். சுருக்கமான பதில்: தினமும் முழு ஸ்கேன் போட வேண்டியதில்லை. ஆனால் சில நேரங்களில் போட்டே தீர வேண்டும். அந்த நேரங்கள் எவை என்று தெரிய, ஆன்டிவைரஸ் எப்படிக் காவல் காக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடந்து போவதை மட்டும் பார்க்கும் காவல்

நோணாங்குப்பத்திலிருந்து தெற்கே போனால் கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. புதுவையிலிருந்து வரும் வண்டிகளை நிறுத்தி, மதுப்பாட்டில் கடத்துகிறார்களா என்று தமிழகப் போலீசார் பார்ப்பார்கள். ஆன்டிவைரஸின் நிகழ்நேரப் பாதுகாப்பு, அதாவது ரியல் டைம் புரொடெக்‌ஷன், செய்வதும் இதே வேலைதான். சாவடியைக் கடக்கும் வண்டியை அது பார்க்கும். என்றோ கடந்துபோய் ஊருக்குள் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் பாட்டில் அதன் கண்ணில் படாது. அதற்கு வீட்டுக்குள் போய்த் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் ஸ்கேன்.

இயங்குதளத்துக்கும் வட்டுக்கும் நடுவே ஆன்டிவைரஸ் ஒரு வடிகட்டி நிரலை வைத்திருக்கும். நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தாலும், நகலெடுத்தாலும், ஒரு நிரலை இயக்கினாலும், அந்தக் கோரிக்கை இந்த வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே மூன்று கேள்விகள் எழும். ஏற்கெனவே தெரிந்த வைரஸின் அடையாளம் இந்தக் கோப்பில் இருக்கிறதா? அடையாளம் பொருந்தாவிட்டாலும் இதன் அமைப்போ நடத்தையோ சந்தேகம் தருகிறதா? அதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால், ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சர்வரில் இதைப் பற்றித் தகவல் உண்டா?

இதெல்லாம் நீங்கள் காத்திருக்கும்போதே நடக்கிறது என்பதால் வேகம் முக்கியம். ஒருமுறை பார்த்து மாறாமல் இருக்கும் கோப்பை மறுபடி பார்க்காமல் விடும் ஏற்பாடு பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. பெரிய ஜிப் கோப்புகளை அந்த நொடியிலேயே பிரித்து ஆராய்வதையும் பல தவிர்க்கும். பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். தூங்கிக் கிடக்கும் கோப்பு எந்தத் தீங்கும் செய்யாது. எழுந்து ஓடப் பார்த்தால்தான் ஆபத்து, அப்போது காவல் அங்கே இருக்கும். தினசரி முழு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

அறிவு பிந்தி வருகிறது

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காவலுக்கு அந்த நொடியில் என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் தீர்ப்பு. இன்று காலை நல்ல கோப்பு என்று உள்ளே விடப்பட்டது, அடுத்த வாரம் வரும் அப்டேட்டில் வைரஸ் என்று தெரிய வரலாம். அதற்குள் அது இயங்கத் தொடங்கி, தன்னை மறைத்துக்கொண்டும் இருக்கலாம்.

ஸ்டக்ஸ்நெட் இதற்குப் பெயர்போன உதாரணம். ஈரானின் அணு எரிபொருள் செறிவூட்டும் எந்திரங்களைக் குறிவைத்து எழுதப்பட்டு, பென் டிரைவ் வழியாகப் பரவிய புழு அது. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் வைரஸ்பிளோக்அடா என்ற சிறு நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது. ஆனால் 2009 ஜூனிலேயே அது உலவிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஓராண்டுக் காலம் எத்தனையோ ஆன்டிவைரஸ்கள் அதை அடையாளம் காணாமல் விட்டிருக்கின்றன. மிக அதிகமாகத் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா. அடையாளம் தெரிந்த பிறகு, ஏற்கெனவே தொற்றிய வட்டுகளையும் பென் டிரைவ்களையும் தேடித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

நம் பக்கத்து உதாரணம் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 செப்டம்பர் 4 அன்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது. கழகத்தின் கணினி அமைப்பில் தீநிரல், அதாவது மால்வேர், புகுந்திருக்கிறது என்பதே அது. அக்டோபர் 30 அன்று கழகம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில்தான் தொற்று, அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கமும் வந்தது. நாம் கவனிக்க வேண்டியது, கழகத்துக்குச் செய்தி வெளியிலிருந்து வந்தது என்பதை.

அந்தத் தாக்குதலோடு சேர்த்துப் பேசப்பட்ட தீநிரலின் பெயர் டிட்ராக். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்வது, பிரவுசர் வரலாற்றைச் சேகரிப்பது, வட்டுகளில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுவது என்று உளவு பார்ப்பதே அதன் தொழில். அது அகப்பட்ட விதமும் நம் கேள்விக்கு நேரடியான பதில். காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் முதலில் இந்திய வங்கிகளின் ஏடிஎம்களில் கார்டு விவரங்களைத் திருடும் ஒரு நிரலைக் கண்டார்கள். அதன் குறியீட்டில் இருந்த தனித்தன்மைகளை வைத்துத் தங்களிடம் சேர்ந்திருந்த பழைய மாதிரிகளை மறுபடி தேடினார்கள். டிட்ராக் வகையைச் சேர்ந்த 180-க்கும் மேற்பட்ட மாதிரிகள் கிடைத்தன. புதிய அறிவை எடுத்துக்கொண்டு பழைய குவியலைத் துழாவுவது: ஸ்கேன் என்பதன் சாரமே இதுதான்.

நான்கு வகை, நான்கு வேலை

விண்டோஸில் இயல்பாகவே இருக்கும் டிஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். மற்ற ஆன்டிவைரஸ்களிலும் இதே வகைகள் வேறு பெயர்களில் இருக்கும்.

குவிக் ஸ்கேன், தீநிரல்கள் வழக்கமாகக் குடியேறும் இடங்களை மட்டும் பார்க்கும். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள், கணினி தொடங்கும்போது தாமாகவே எழும் நிரல்களின் பட்டியல், சில முக்கியமான ஃபோல்டர்கள் ஆகியவை அவை. சில நிமிடங்களில் முடிந்துவிடும், டிஃபெண்டர் அவ்வப்போது தானாகவே இதைச் செய்துகொள்ளும். நிகழ்நேரப் பாதுகாப்போடு இதுவும் சேர்ந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பதே மைக்ரோசாஃப்டின் அறிவுரையும்.

ஃபுல் ஸ்கேன் வட்டு முழுவதையும் பார்க்கும், ஜிப் கோப்புகளையும் பிரித்துப் பார்க்கும். பழைய கணினியில் மணிக்கணக்கில் ஓடும். பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு: டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேன், அமைப்பை நாமாக மாற்றாவிட்டால், செருகியிருக்கும் பென் டிரைவைச் சேர்த்துக்கொள்ளாது. பென் டிரைவைப் பார்க்க, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கட்டளை கொடுக்க வேண்டும். இதற்குக் கஸ்டம் ஸ்கேன் என்று பெயர். ஜெராக்ஸ் கடைக்கு அதிகம் பயன்படுவது இதுதான்.

நான்காவது, ஆஃப்லைன் ஸ்கேன். சில தீநிரல்கள் விண்டோஸின் அடி ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆன்டிவைரஸ் 'இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால், பதிலில் தம் பெயரை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுக்கும். ரூட்கிட் எனப்படும் இவற்றை விண்டோஸ் ஓடும்போது பிடிப்பது கடினம். ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை அணைத்துத் தொடங்கி, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே வட்டைப் படிக்கும். மறைக்கிறவன் விழிக்கும் முன் தேடல் முடிந்துவிடும். கால் மணி நேரம் ஆகும்.

எப்போது நாமே போட வேண்டும்?

ஆன்டிவைரஸைப் புதிதாக நிறுவியதும் ஒரு முழு ஸ்கேன் கட்டாயம். காவல் வருவதற்கு முன்பே என்ன உள்ளே வந்தது என்று அதற்குத் தெரியாது. சந்தா காலாவதியாகிப் பல வாரம் கழித்துப் புதுப்பித்தாலும் இதே கதைதான்.

காவலை நாமே நிறுத்தி வைத்த பிறகும் தேவை. 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்ற குறிப்போடுதான் திருட்டு போட்டோஷாப்பும் விண்டோஸ் ஆக்டிவேட்டரும் வரும். அப்படி நிறுத்திய சில நிமிடங்களில் எது வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். அந்த நிரலின் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தால், அங்கே காவலும் பார்க்காது, ஸ்கேனும் பார்க்காது. விலக்கை நீக்கிவிட்டுத்தான் ஸ்கேன் போட வேண்டும்.

ஆன்டிவைரஸ் ஏதாவது ஒன்றைப் பிடித்துவிட்டதாக அறிவித்தாலும் அதோடு விடக் கூடாது. அதன் கூட்டாளிகள் ஏற்கெனவே வேறு இடத்தில் பதுங்கியிருக்கலாம். கணினி காரணமின்றித் திணறினாலும், பிரவுசர் தானாக வேறு பக்கம் போனாலும், ஆன்டிவைரஸே திறக்க மறுத்தாலும் ஆஃப்லைன் ஸ்கேனிலிருந்து தொடங்குவது நல்லது.

வெளி ஹார்டு டிஸ்க், பழைய பேக்கப் போன்றவற்றை இன்னொருவரிடம் கொடுக்கும் முன்பும் பார்த்துவிட வேண்டும். உங்கள் கணினியில் திறக்கப்படாததால் தூங்கிய கோப்பு, காவல் இல்லாத கணினியில் விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது கருத்து கேட்பதற்கும் வழி உண்டு. இரண்டு ஆன்டிவைரஸ்களின் நிகழ்நேரக் காவலை ஒரே கணினியில் ஓடவிடக் கூடாது. ஒன்றோடொன்று மோதிக் கணினியை முடக்கும். ஆனால் ஒன்று காவலுக்கு இருக்க, இன்னொன்றை எப்போதாவது ஸ்கேனுக்கு மட்டும் அழைக்கலாம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அப்படிப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர், இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். பழைய பட்டியலை வைத்துத் தேடுவதில் பயனில்லை என்பதால்தான் அந்தக் கெடு. மத்திய அரசும் 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. நாச வேலைக்குக் கூலியாள் போல இயங்கும் 'பாட்' தொற்றுகளை நீக்கும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது. புனேவின் குவிக் ஹீல், 1991-இல் தொடங்கிய சென்னையின் கே7 போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் கருவிகள் அங்கே உண்டு.

கடைக்கார நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. ஷார்ட்கட் வைரஸ் அடித்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் தெரியும். ஸ்கேன் அந்த ஷார்ட்கட்டுகளை அழித்ததும் பென் டிரைவ் காலியாகத் தோன்றும். பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், மறைக்கப்பட்ட நிலையில். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்தாலோ 'அட்ரிப்' கட்டளை கொடுத்தாலோ திரும்பக் கிடைக்கும்.

ஸ்கேன் சொல்லாதது

ஸ்கேன் முடிந்து 'எதுவும் இல்லை' என்று வந்தால், 'எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை' என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று 1980-களிலேயே அமெரிக்க ஆய்வாளர் பிரெட் கோஹன் கணித முறையில் நிறுவிவிட்டார். பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பின் உள்ளே எந்த ஸ்கேனும் பார்க்க முடியாது. வங்கி மேலாளர் என்று சொல்லி ஓடிபி கேட்கும் குரலை எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வேலையை முடித்த பிறகு போடும் ஸ்கேன், குற்றவாளியை அகற்றும், பூட்டைத் திறக்காது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: விண்டோஸ் அப்டேட்டையும் நிகழ்நேரக் காவலையும் எப்போதும் ஓடவிடுங்கள். பென் டிரைவ் செருகியதும் திறக்கும் முன் ரைட் கிளிக் ஸ்கேன். மாதம் ஒருமுறை கடை மூடும் நேரத்தில், முதலில் அப்டேட், பிறகு முழு ஸ்கேன். வாடிக்கையாளர் கோப்புகளையும் கடைக் கணக்கையும் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைத்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். காவலும் ஸ்கேனும் சேர்ந்தே கோட்டை விடும் நாளில் கை கொடுக்கப்போவது அந்த நகல்தான்.