அப்பாரு காரு திம்பம் ஏறுமா?

தெரியுமா? சத்தியமங்கலம் பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்துச் சாளை. தேங்காய் மட்டைக் குவியலுக்கும் கழற்றிப் போட்ட பம்ப்செட்டுக்கும் நடுவே ஒரு பழைய அம்பாசிடர், கூரை மேல் கோழி. அந்த பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது, வெள்ளைக்காரன் தலைமுடி பறக்க ஓட்டித் திரிந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்! எம்.ஜி. கம்பெனி 1955-இல் இறக்கிய எம்.ஜி.ஏ. காரிலும், 1959-லிருந்து நம்ம அம்பாசிடரிலும் ஓடியது ஒரே பி.எம்.சி. 'பி' வரிசை எஞ்சின்தான். இரண்டுமே 1489 சி.சி. அங்கே இரட்டை கார்புரேட்டர் மாட்டி முறுக்கேற்றினார்கள். இங்கே ஒற்றை கார்புரேட்டரோடு குடும்பம் மொத்தத்தையும் ஏற்றி, டிக்கியில் ஒரு மூட்டை நிலக்கடலையையும் போட்டுப் பழனிக்கு விட்டோம்.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. இங்கிலாந்தில் எம்.ஜி. பித்தர்கள் இருக்கும்வரை அந்த எஞ்சினுக்கு கேஸ்கட்டும் வால்வும் யாராவது செய்துகொண்டேதான் இருப்பார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அதே எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர். அதென்ன மூன்று தசமம்? லேத் பட்டறைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். இரண்டு இஞ்ச் ஏழு நூல், அவ்வளவுதான்! பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சரியாக மூன்றரை இஞ்ச். காரே இஞ்ச் கணக்கில் பிறந்தது. ஃபியட்டோ இத்தாலிக்காரன் பிள்ளை. 68-க்கு 75, சுத்தமான மில்லிமீட்டர், 1089 சி.சி. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் இரண்டு செட் ஸ்பானர் வைத்திருப்பார்கள். ஃபியட்டின் ஸ்பானரை அம்பாசிடர் நட்டில் போட்டுத் திருகினால் நட்டின் தலை வட்டமாகிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

பழைய காரைத் தேடி எழுப்ப நினைப்பவருக்கு இந்த மேற்குச் சீமையைப் போல வசதியான இடம் நாட்டில் அதிகமில்லை என்பேன். காரணம் பெருமை இல்லை, மழை! சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது. கோவையில் அதில் பாதி. பக்கத்தில் கடலும் கிடையாது, உப்புக்காற்றும் கிடையாது. கடற்கரை ஊர்க் காரின் தரையைக் காலால் அழுத்தினால் ரோடு தெரியும். இங்கே சாளைக்குள் நின்ற காரில் தகரம் பெரும்பாலும் தகரமாகவே இருக்கும். எலி சீட்டைத் தின்றிருக்கும், அது வேறு.

அடுத்த காரணம் வார்ப்படப் பட்டறையும் லேத்தும். நாட்டில் தயாராகும் பம்ப்செட்டுகளில் ஏறக்குறைய பாதி கோவையில்தான் என்பார்கள். பம்புக்கு இரும்பு வார்த்து, புஷ் கடைந்து, ஷாஃப்ட் தேய்க்கத் தெரிந்த ஊருக்கு, கடையில் கிடைக்காத கிங்பின் ஒரு பொருட்டா? மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன். அதுவும் முடியாதென்றால் ஸ்லீவ் போட்டு மறுபடி முதல் அளவுக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

இந்த மண்ணுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது இன்று நேற்றா? கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-இல் ஒற்றை பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தொழில் தொடங்கினார். 1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை வெறும் 2000 ரூபாய் விலையில் உருவாக்கினார், அரசாங்க லைசன்ஸ் கிடைக்காமல் அது நின்றுபோனது என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். கோவை அவினாசி ரோட்டில் 2015-இல் திறந்த ஜீடீ கார் மியூசியத்துக்கு, பழைய கார் தேடிக் கிளம்பும் முன் ஒருதரம் போய்விட்டு வாருங்கள். 'இதைத்தான் வாங்கணும்' என்று நீங்கள் கட்டிய கோட்டை அங்கே நிச்சயம் ஆட்டம் காணும்!

அசோக் லேலண்ட் முதலில் செய்தது லாரியா? இல்லவே இல்லை! 1948-இல் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் பிறந்த கம்பெனி எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ-40 என்ற குட்டிக் காரை. லேலண்ட் பெயர் சேர்ந்தது 1955-இல்தான். சென்னையில் ஃபோர்டு, அடிசன், ஸ்டாண்டர்டு என்று வரிசையாகப் பட்டறைகள் இருந்த காலம் அது. 1953-இல் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்கிறவர்கள் கடையைக் கட்டலாம், உள்நாட்டிலேயே செய்பவர்கள் இருக்கலாம். ஃபோர்டு போனது. அப்புறம் முப்பது வருஷத்துக்கு ஊரெல்லாம் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். உங்கள் வேட்டையில் திரும்பத் திரும்ப இந்த மூன்றே சிக்குவதற்குக் காரணம் அந்த ஒரு கையெழுத்து!

மூன்றில் எது? எல்லாரும் அம்பாசிடர் என்பார்கள். ஃபியட்டில் 1950-களின் முதல் மாடல் கிடைத்தால், முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் அழகுக்காகவே வாங்கலாம். ஆனால் என் கட்சி ஸ்டாண்டர்டின் ஹெரால்டு.

ஏன் தெரியுமா? அது கார் இல்லை, போல்ட் போட்டுச் சேர்த்த ஜோடனை! இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த பட்டறையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்ய ஆள் இல்லை. என்ன செய்தார்கள்? துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து, தனிச் சேஸின் மேல் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள்! இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 1959-இல் அங்கே வந்தது. 1961-லிருந்து நம் சென்னையிலும் தயாரானது. அன்று அவர்களுக்கு வந்த தலைவலி இன்று நமக்கு வரம். அம்பாசிடரில் தரைத்தகரம் அரித்தால் காரின் முதுகெலும்பே போச்சு என்று அர்த்தம். ஹெரால்டில் அரித்த துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு மீதியை நிழலில் நிறுத்தலாம். முன்மூக்கு முழுக்க முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். திரும்ப 25 அடி போதும்! இங்கிலாந்தில் இருந்தது இரண்டு கதவுக் கார். பின்சீட்டுக் குடும்பத்துக்காக நான்கு கதவு வைத்தது 1968-இல் நம் ஆட்கள். குறையும் சொல்லிவிடுகிறேன்: வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். கவிழ்க்கவும் கூசாது.

சரி, கார் பார்க்கப் போகிறீர்கள். கையில் என்ன? பணம் அப்புறம், முதலில் ஒரு சாதாரண காந்தம். ஒரு மெல்லிய துணியைச் சுற்றி கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்து வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகரம். நழுவி விழுந்தால் பட்டி! பெங்களூரில் தயாரான சிபானி டால்பின் என்றால் மட்டும் பயப்பட வேண்டாம், அதன் பாடியே ஃபைபர் கிளாஸ். அப்புறம் எஞ்சின் நம்பர். டீசல் மலிவாக இருந்த காலத்தில் அம்பாசிடர் வயிற்றில் மெட்டடார் டீசல் எஞ்சினை இறக்கியவர்கள் ஏராளம். ஓட்டத்துக்குக் குறையில்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கும் நம்பர் ஒன்று, எஞ்சினில் இருப்பது வேறொன்று.

இங்கேதான் உண்மையான வேட்டை ஆரம்பம். வண்டி கிடைப்பது, பாகம் கிடைப்பது எல்லாம் ஒன்றுமே இல்லை. தேட வேண்டியது காகிதத்தை!

பெரும்பாலான சாளைக் கார்களின் ஆர்.சி. புத்தகம் அப்பாரு பெயரில் இருக்கும். அப்பாரு போய்ச் சேர்ந்திருப்பார். "எடுத்துக்கிட்டுப் போங், சும்மாதானுங் நிக்குது" என்று பேரன் தாராளமாகச் சொல்வார். எடுத்துவிடாதீர்கள்! இறந்தவர் பெயரில் உள்ள வண்டி முதலில் வாரிசுக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அதற்கப்புறம்தான் 29-ம் 30-ம் போட்டு உங்கள் பெயருக்கு. திருப்பூரில் இருக்கும் அத்தையும் துபாயில் இருக்கும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டால்தான் கார் நகரும். வெல்டிங் இரண்டு நாளில் முடியும். அத்தையின் கையெழுத்துக்கு எத்தனை நாள் என்று யார் சொல்வது?

நம்பர் பிளேட்டில் மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமுமாக இருந்தால் துள்ளிக் குதியுங்கள். 1989-க்கு முந்தைய பதிவு அது. டி.என். 36 என்று கோபி நம்பர் எல்லாம் அப்புறம் வந்தவை.

உங்கள் காருக்கு 50 வயது தாண்டிவிட்டதா? 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம், நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும். மெட்டடார் எஞ்சின்காரர்கள் இங்கேயே அவுட்! இன்னொரு திருகும் உண்டு. அந்த நம்பர் வாங்கினால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பண்ணாரி அம்மனைப் பார்க்கப் போக ஆசைப்படுபவர், பழைய நம்பரையே வைத்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பதுதான் புத்தி என்பது என் எண்ணம்.

பண்ணாரி வரை வந்துவிட்டோம், மேலே ஏறாமல் திரும்பலாமா? திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள்! புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை, 2022-லிருந்து இரவில் தடை. ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். அம்பாசிடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்திலேயே தட்டினால் கறுமுறுவென்று பல் உரசும். வளைவுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். பாதி மலையில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுபோனால் பதறாதீர்கள், பெட்ரோல் பம்பிலேயே சூட்டில் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் மறுபடி உறுமும். அந்தக் காலத்து டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் துணியும் தண்ணீர்க் கேனும் வைத்திருந்தது சும்மா இல்லை! ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு கவலை நமக்குண்டு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். மலையேறும் முன் அவற்றை மாற்றிவிடுங்கள். 2000-இல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோலாக மாறிய பிறகு பழைய வால்வு சீட்டுகளும் தேய ஆரம்பித்துவிட்டன. ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான சீட்டு அடித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று, தலை சுற்றும்! முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14-இல். கூட்டிப் பாருங்கள்: 2033-இல் அதுவும் 50 தாண்டி, 'வி.ஏ.' நம்பருக்குத் தகுதி பெறும். உங்கள் தெருவில் ஒரு பழைய 800 தார்ப்பாய்க்குள் நிற்கிறதா? ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே மெதுவாகக் கேட்டு வையுங்கள், அத்தை ஊரில் இருக்கும்போதே.